பாலூட்டும் நேரம்

கவுஹெலோ செய்த தவறு மரியாதையில் பிறந்தது. அதனால்தான் அது தவறு என்று இரண்டு மாதம் வரை அவளுக்கே தெரியவில்லை.

மசேரு நகரத்து ஆலைப்பேட்டையில் ஜீன்ஸ் தைக்கும் ஆலை ஒன்றில் அவள் பணியாளர் பிரிவு எழுத்தர். அவளுடைய அறையில் ஒரு மேசை, ஒரு கணினி, தையல் கூடத்தைப் பார்த்தபடி ஒரு கம்பிச் சன்னல். ஆயிரத்துச் சொச்சம் பெண்களின் காய்ச்சலும் கல்யாணமும் சாவும் பேறுகாலமும் அந்தச் சன்னலுக்கு வெளியேதான் வந்து வரிசையில் நிற்கும். கவுஹெலோ ஒருத்தியையும் முகம் சுளித்து அனுப்பியதில்லை. வியாழக்கிழமைதோறும் தாய்மார் சங்கத்துச் சீருடையோடு ஜெபத்துக்குப் போகிறவள் அவள். சன்னலில் வந்து நிற்பவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் விட்டால், அன்று ஜெபத்தையே தவறவிட்டது போல அவளுக்கு மனசு உறுத்தும்.

ஏப்ரல் மாதம் ஒரு மத்தியானம் தையல் கூடத்து ஏழாம் வரிசையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி ஜீன்ஸுக்குப் பைகள் தைக்கிற மொசெலே. அவள் வாய் ஆலை முழுக்கப் பிரசித்தம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் அவளுக்குப் பக்கத்து இயந்திரக்காரி. வயிறு சன்னல் கட்டையில் இடித்தது.

"அக்கா, இவளுக்கு லீவை வெரசா எழுதிக் குடுங்க. இல்லேன்னா உங்க சன்னல்லயே பெத்துப் போட்டுடுவா," என்றாள் மொசெலே.

"பெத்தா பெக்கட்டும். பிள்ளைக்கு என் பேரை வைக்கச் சொல்லு."

"அந்தக் கதை நடக்காது. பிள்ளைக்கு நாலு வருஷம் முன்னாடியே பேர் வெச்சாச்சு. பிள்ளைதான் வரத் தாமசமாயிடுச்சு!"

மூவரும் சிரித்தார்கள். அந்த ஊர் வழக்கப்படி, புகுந்த வீட்டில் காலெடுத்து வைத்த அன்றே மருமகளுக்குப் புதுப்பெயர் சூட்டிவிடுவார்கள். இனிமேல் பிறக்கப்போகிற தலைச்சன் பிள்ளைக்கு ஒரு பெயரை முடிவுசெய்து, அதன் தாய் என்று அவளை அழைப்பார்கள். அப்படி வந்த பெயர்தான் மாகரபோ, கரபோவின் தாய். கரபோ என்றால் பதில். நாலு வருஷமாகப் பிள்ளையில்லாமலே அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு தண்ணீர்க் குழாயடியிலும் கோயிலிலும் ஆலையிலும் நின்றவள். யார் கூப்பிட்டாலும் ஒரு கணம் தலையைக் குனிந்துகொண்டு திரும்புவாள். இப்போது பதில் வந்துவிட்டது. அன்று சன்னலில் அவள் முகத்தை நிமிர்த்தியே வைத்திருந்தாள்.

கவுஹெலோ படிவத்தை எடுத்தாள். 'பெயர்' என்ற இடத்தில், மாகரபோ மொலெஃபே என்று குண்டு குண்டான எழுத்தில் எழுதினாள். அந்த நிலையில் நிற்கிற ஒரு பெண்ணைப் பிறந்த வீட்டுப் பெயரால் எழுதுவதற்கு அவளுக்குக் கை வந்திருக்காது. கேட்கவும் தோன்றவில்லை. 'அட்டை எண்' என்ற இடம் வந்தபோது மாகரபோ கழுத்தைத் தடவிப் பார்த்தாள். அட்டையை இயந்திரத்திலேயே மாட்டிவிட்டு வந்திருந்தாள்.

"போய் எடுத்துட்டு வரேன் அக்கா."

"இந்த வயித்தோட அவ்வளவு தூரம் திரும்பி நடப்பியா? விடு. நான் அப்புறம் பாத்து எழுதிக்கறேன். எங்கே பிரசவம்?"

"எங்க அம்மா வீட்ல. மலைமேல, ஹா-ராமொயி."

"தலைப்பிரசவம் வேற எங்கே பாப்பாங்க! போய்ட்டு வா. லீவு பத்து வாரம், அதுல ஆறு வாரம் சம்பளத்தோட. ஆறு வாரம் முடிஞ்சதும் போனுக்கே பணம் மொத்தமா வந்துடும். வேலை எங்கேயும் போகாது. நான் இருக்கேன்ல?"

அட்டை எண்ணை அவள் எழுதவில்லை. மறுநாள் புது ஆட்கள் நாற்பது பேர் சேர்ந்தார்கள். அந்தத் தாள் மற்றத் தாள்களோடு மேலே போய்விட்டது.

கணினிக்கு மாகரபோ மொலெஃபே என்று ஒருத்தியைத் தெரியாது. அது அறிந்தவள் புலெங் செகேசா. ஐந்து வருஷத்துக்கு முன்பு, கல்யாணத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்தபோது அவள் தந்த பெயர் அது. மாகரபோ ஆன பிறகு அந்தப் பெயரைச் சொல்லி ஆலையில் ஒருவரும் அவளைக் கூப்பிட்டதில்லை. விடுப்புப் படிவம் யாரோடும் ஒட்டாமல் ஓரமாக நின்றது. புலெங் செகேசா சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராதவள் ஆனாள்.

ஜூன் மாதம் மூன்றாம் வாரம், அங்கே அது நடுக் குளிர்காலம்; தண்ணீர்த் தொட்டியில் காலையில் பனிக்கட்டி மிதக்கும் குளிர். பணியாளர் பிரிவுத் தலைவர் மொஹாப்பி ஒரு பட்டியலைக் கொடுத்து வாசலில் ஒட்டச் சொன்னார். வேலையை விட்டு ஓடினவர்கள், முப்பத்தொரு பேர். கவுஹெலோதான் தட்டச்சு செய்தாள். பத்தொன்பதாவது பெயர் புலெங் செகேசா. அந்த வரியில் அவள் விரல் தயங்கவே இல்லை. யாரோ பாவம் என்று நினைத்துக்கொண்டு இருபதுக்குப் போனாள்.

பட்டியல் ஒட்டிய அரை மணி நேரத்தில் மொசெலே சன்னலுக்கு வந்துவிட்டாள். கையில் வெட்டின நூல்கூட உதறாமல் இருந்தது.

"வியாழக்கிழமை ஆனா ஜெபம். வெள்ளிக்கிழமை ஆனா பிள்ளை பெத்தவ பேரை வாசல்ல தொங்க விடறது. நல்லா இருக்கு அக்கா உங்க பக்தி!"

"என்னடி சொல்றே? யார் பேரு?"

"மாகரபோ பேரு!"

"அவ லீவுல இருக்கா. நானே எழுதினேன். பட்டியல்ல மாகரபோன்னு யாருமே இல்லியே."

"பத்தொன்பதாவது யாரு? புலெங் யாரு? உங்க தங்கச்சியா?"

கவுஹெலோ எழுந்து நின்றாள். ஏப்ரல் மாதத்துக் கோப்பை இழுத்தாள். கடைசிக்கு முந்தின தாள். குண்டு குண்டான எழுத்து. அட்டை எண் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

"அப்ப சம்பளமும் போகலியா?" என்று மொசெலே கேட்டாள். இப்போது அவள் குரலில் கேலி இல்லை.

"போகலை."

"அவ இடத்துக்குப் புதுப் பொண்ணு நேத்தே வந்து உக்காந்துட்டா அக்கா."

மொஹாப்பி கெட்டவர் அல்ல. அவர் மேசையில் எப்போதும் ஒரு வேதப் புத்தகம் இருக்கும். ஆனால் அதற்கு மேலே ஆலையின் தாள்கள் அடுக்கியிருக்கும். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா கவுஹெலோ, பட்டியல் மேலே போயாச்சு. முதலாளி கையெழுத்துப் போட்டாச்சு. இப்ப நான் போய் எங்க ஆபீஸ் தப்புன்னு சொல்லணுமா?"

"ஆபீஸ் தப்பு இல்லை ஐயா. என் தப்பு."

"திரும்பி வந்தாலும் என்ன ஆகும்? திங்கள்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல், புதன்கிழமை ஊசி. பாதிப் பேர் மூணு மாசத்துல தானாவே நின்னுடறாங்க. நாம பாக்காததா?"

"நிக்கறாங்களா ஐயா, நாம நிக்க வெக்கறோமா? இவ அஞ்சு வருஷம் ஒரு நாள் தாமசமா வந்ததில்லை. வேணும்னா என் பேர்ல எழுதுங்க."

"எழுதினா உனக்குக் கடைசி எச்சரிக்கை. அடுத்தது ஒண்ணு வந்தா நீ வீட்டுக்குப் போகணும். ரெண்டு பிள்ளைங்க படிக்குது உனக்கு."

"எழுதுங்க ஐயா."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எழுதினார். அதன்பிறகு இன்னொரு தாளிலும் எழுதினார். ஆறு வாரச் சம்பளம் இன்றே போகும். ஜூலை முதல் திங்கள் காலை ஏழு மணிக்கு இயந்திரத்தில் உட்கார்ந்தால் இடம் அவளுடையது. ஒரு நாள் தவறினாலும் புதுப் பெண்ணுக்கு. "இதுக்கு மேல என்னால முடியாது," என்றார்.

பணம் அன்று மாலையே போனது. கவுஹெலோ எட்டுத் தடவை போன் செய்தாள். மலைமேல் போன் எடுக்காது. திங்களுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. சனிக்கிழமை விடியலில் கம்பளிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு அவளே கிளம்பினாள். பையில் கடிதம், இரண்டு கிலோ சர்க்கரை, வியாழக்கிழமைக் கூட்டத்தில் ஒருத்தி பின்னிய மஞ்சள் நிறக் குல்லாய். வேனில் நாலு மணி நேரம், அப்புறம் கழுதைப் பாதையில் ஏற்றம். சிகரங்களில் பனி கிடந்தது. ஏறும்போது அவள் மனசு லேசாகத்தான் இருந்தது. தவறு செய்தாள், ஒப்புக்கொண்டாள், சரிசெய்துவிட்டாள். ஆண்டவர் தனக்கு அந்த அளவுக்கு இடம் கொடுத்தாரே என்று நன்றி சொல்லிக்கொண்டே ஏறினாள்.

ஊருக்கு வந்து வழி கேட்டாள். மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் கைகாட்டினார். வட்டமான கல்வீடு. கவுஹெலோ வாசலுக்குப் பத்தடி முன்னாலேயே நின்றுவிட்டாள்.

பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் கதவுக்கு மேலே கூரையில் ஒரு நாணல் செருகியிருக்கும். குழந்தையை வெளியே எடுத்து வரும்வரை, இரண்டு மூன்று மாதம், அதை எடுக்க மாட்டார்கள்; நடுவில் எடுத்தால் குழந்தை இல்லை என்று அர்த்தம். இந்தக் கூரையில் நாணல் இல்லை. செருகியிருந்த ஓட்டை மட்டும் இருந்தது.

அவள் குல்லாயைப் பையின் அடியில், சர்க்கரைக்குக் கீழே தள்ளினாள். பிறகுதான் குரல் கொடுத்தாள்.

புலெங்கின் தாய் வெளியே வந்தார். தோளில் துக்கத்துக்குக் கறுப்புத் துணி குத்தியிருந்தது. உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் புலெங் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அதே துக்கத்துக்கு அவள் தலையை மழித்திருந்தார்கள்.

"கவுஹெலோ அக்கா," என்றாள். ஆச்சரியப்படக்கூட அவளிடம் பலம் இல்லை. "இவ்வளவு தூரம் வந்தீங்களா?"

"என்னம்மா ஆச்சு?"

"போன வாரம், வியாழக்கிழமை." அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பொண்ணு. பொறந்ததுலேருந்தே மெலிவுதான். ஆனா நல்லாக் குடிச்சா அக்கா. அப்புறம் நெஞ்சுல சளி கட்டிடுச்சு. திங்கக்கிழமை நர்ஸம்மா பாத்துட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன்னு சொன்னாங்க. பனி விழுந்து வேன் வரலை. தனி வண்டிக்காரன் முன்பணம் கேட்டான். நான்தான் சொன்னேன், இன்னைக்குப் பணம் வந்துடும், நாளைக்கு வந்துடும், கவுஹெலோ அக்கா தன் கையால எழுதியிருக்காங்க, ஆலை ஏமாத்தாதுன்னு. தினமும் காலையில அந்தக் குன்றுமேல ஏறிப் போனைப் பாத்துட்டு இறங்குவேன். வியாழக்கிழமை அம்மா ஆட்டை வித்துட்டாங்க. வண்டி வந்துச்சு. பாதி வழி போயிட்டோம்."

அவள் ஒரு சுள்ளியை எடுத்து அடுப்பில் தள்ளினாள்.

கவுஹெலோ பேசாமல் இருந்திருக்கலாம். ஆலைமேல் பழியைப் போட்டிருந்தால் இந்த வீட்டில் யாருக்கும் தெரியப்போவதில்லை. கணினி, முதலாளி, காகிதம் என்று எத்தனையோ இருக்கின்றன, பழி சொல்ல. அந்த நினைப்பு வந்து அவள் எதிரே நின்றதையும் அவள் உணர்ந்தாள். தரையில் உட்கார்ந்தபடியே இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றிக்கொண்டாள்.

"நான்தாம்மா. பணம் வராததுக்கு நான்தான் காரணம். ஆலைக் கணக்குல நீ புலெங். நான் கேக்காம மாகரபோன்னு எழுதிட்டேன். நம்பரையும் எழுதாம விட்டுட்டேன். அதான் வரலை. வேற யார் தப்பும் இல்லை."

புலெங்கின் தாய் கையிலிருந்த கரண்டி சட்டியில் விழுந்தது.

"எழுந்திரு," என்றார் அவர். "என் வீட்டை விட்டுப் போ. என் பொண்ணு நாலு நாள் அந்தக் குன்றுல ஏறி இறங்கினா. பெத்த உடம்பு. நீ ஒரு நம்பர் எழுதலை."

கவுஹெலோ எழுந்தாள். கதவு வரை போனாள்.

"அம்மா," என்றாள் புலெங் தாயிடம். "அவங்க நடந்து வந்திருக்காங்க. களி ஆறிடப் போகுது."

தாய் விழுந்த கரண்டியை எடுத்துத் துடைத்தார். பிறகு ஒரு தட்டை எடுத்து மக்காச்சோளக் களியும் கீரையும் வைத்துக் கவுஹெலோவின் முன்னால் கொண்டுவந்து வைத்தார். கவுஹெலோ அழுதுகொண்டே தின்றாள்.

தட்டைக் கழுவி வைத்த பிறகு கடிதத்தைக் கொடுத்தாள். பிள்ளை போன பிறகு, முந்தின மாலை போனுக்கு அனுப்பிய பணத்தைப் பற்றியும் சொன்னாள். புலெங் கடிதத்தை இரண்டு முறை வாசித்தாள்.

"திங்கக்கிழமை அடுத்த வாரமா?"

"முடியலைன்னா வேண்டாம்மா. நான் போய் வேற ஏதாவது கேட்டுப் பாக்கறேன்."

"வரேன். இங்கே உக்காந்தா அந்தக் குன்று தெரியுது," என்றாள் புலெங்.

ஆலையில் எல்லோரும் சொன்னார்கள், அவள் வரமாட்டாள் என்று. அந்தத் திங்கள் காலை ஆறே முக்காலுக்குக் கறுப்புத் துணி குத்திய தோளோடு அவள் ஆலை வாசலில் நின்றாள். மொசெலே ஓடிவந்து கட்டிக்கொண்டாள். புதுப் பெண்ணை மூன்றாம் வரிசைக்கு மாற்றியிருந்தார்கள். புலெங் தன் இயந்திரத்தில் உட்கார்ந்து, பழைய மாதிரியே பெடலில் கால் வைத்துச் சரிபார்த்தாள். கவுஹெலோ சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்தது, இடம் போகவில்லை என்று மூச்சு விட்டாள்.

பத்து மணி வாக்கில் மொசெலே சன்னலுக்கு வந்தாள். கேலியும் இல்லை, சத்தமும் இல்லை.

"அக்கா, அவ சட்டை நனைஞ்சுடுச்சு. தைக்கிற துணிமேலயே சொட்டுது. அதை மறைச்சுக் குனிஞ்சு குனிஞ்சு தைக்கறா. மார் கல்லு மாதிரி கட்டிட்டு இருக்கு, தொட்டா அலறுவா. சூப்பர்வைசர் ரெண்டு தடவை சத்தம் போட்டுட்டான், துணி கறையாகுதுன்னு. இன்னைக்கு முழுக்க இப்படி உக்காந்திருந்தா நாளைக்கு வரமாட்டா. எனக்குத் தெரியும்."

பால் கொடுக்கும் தாய்க்கு ஆறு மாதம் வரை தினம் ஒரு மணி நேரம் உண்டு. அந்த நேரத்தில் பிள்ளைகளை அத்தைமாரோ அண்டைவீட்டாரோ வாசலுக்குத் தூக்கி வருவார்கள். தாய்மார்கள் காவலர் அறைக்குப் பின்னால் போட்ட பெஞ்சில் உட்கார்ந்து கொடுப்பார்கள். அந்த அனுமதிச் சீட்டு ஒன்றை எடுத்து எழுதிக்கொண்டு கவுஹெலோ மொஹாப்பியின் அறைக்குப் போனாள். இந்த முறை அட்டையைப் பார்த்து, இரண்டு பெயரையும் எழுதி, எண்ணையும் எழுதியிருந்தாள்.

அவர் வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அம்மா, அந்தப் பிள்ளை... நான் கேள்விப்பட்டேன். கர்த்தர் ஆறுதல் குடுக்கட்டும். ஆனா இந்தச் சீட்டு பிள்ளை இருக்கிறவங்களுக்கு."

"பிள்ளைதான் இல்லை ஐயா. பால் இருக்கு."

அவர் சீட்டை மேசைமேல் வைத்தார்.

"உங்க எச்சரிக்கைத் தாள் என் கோப்புல இருக்கு. இது தப்புன்னு நீங்க நினைச்சா இன்னொண்ணு எழுதிக்கோங்க. நான் வீட்டுக்குப் போறேன். ஆனா இந்தப் பொண்ணை இன்னைக்கு அந்த இயந்திரத்துல இப்படியே விட்டுட்டா, நாம இடம் குடுத்து என்ன பிரயோஜனம்?"

மொஹாப்பி கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டுக் கண்ணைத்தான் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை நாளைக்கு?"

"நிக்கற வரைக்கும் ஐயா."

அவர் கையெழுத்துப் போட்டார். முடியும் தேதி போட வேண்டிய இடத்தை அவரே வெறுமையாக விட்டார்.

காவலர் அறைக்குப் பின்னால் பெஞ்சில் அப்போது நாலு பிள்ளைகள் குடித்துக்கொண்டிருந்தன. அங்கே புலெங்கை அனுப்ப முடியாது. கவுஹெலோ தன் கம்பளிப் போர்வையை எடுத்துக் கம்பிச் சன்னலில் கட்டினாள். வெந்நீர், கிண்ணம், சுத்தமான துணி என்று மேசையில் எடுத்து வைத்தாள். புலெங்கை உள்ளே கூட்டி வந்து உட்காரவைத்தாள்.

"நான் வெளியே நிக்கறேன். ஒருத்தரும் வரமாட்டாங்க," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தி அதற்கு முதுகைக் கொடுத்து நின்றாள்.

சன்னலுக்கு வந்த வரிசை முணுமுணுத்தது. மொசெலே இடுப்பில் கைவைத்துக்கொண்டு குறுக்கே நின்றாள். "என்ன அவசரம்? உங்க காய்ச்சல் ஓடிப்போயிடுமா? போனா நல்லதுதானே! போங்க, சாப்பாட்டுக்கு அப்புறம் வாங்க!" என்று அத்தனை பேரையும் திருப்பி அனுப்பினாள். அன்று ஏழாம் வரிசையில் புலெங்கின் பங்குத் துணிகளிலிருந்து ஆளுக்கு நாலு பை எடுத்துத் தைத்தார்கள். சூப்பர்வைசர் பார்த்தும் பாராதவன் போல இருந்தான்.

முதல் நாள் கதவுக்குப் பின்னாலிருந்து சத்தமே வரவில்லை. இரண்டாம் நாள் அழுகை கேட்டது. கவுஹெலோ கதவோடு ஒட்டி நின்று உதட்டுக்குள்ளே ஜெபித்தாள். என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மன்னிப்பைக் கேட்கவில்லை, அது தனக்காகக் கேட்பது. இந்தப் பெண்ணின் மார்வலி மட்டும் இறங்கட்டும் என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் புலெங் வந்து உட்கார்ந்தாள். கவுஹெலோ வழக்கம்போல வெந்நீரை வைத்துவிட்டு வெளியே போகத் திரும்பினாள்.

"அக்கா, உங்க பிள்ளைகளுக்குப் பால் நிறுத்தினப்ப எத்தனை நாள்ல நின்னுச்சு?"

"ஒரு மாசம் ஆச்சும்மா."

"இன்னும் பத்து நாள்தானா?" என்று புலெங் கிண்ணத்தைப் பார்த்தாள். "அதுவும் நின்னுட்டா அப்புறம் ஒண்ணுமே இருக்காது."

கவுஹெலோ கதவுப் பிடியில் கைவைத்தபடியே நின்றாள்.

"வெளியே குளிரா இருக்கும்," என்றாள் புலெங். "கதவைச் சாத்திட்டு நீங்களும் உள்ளேயே இருங்க."